இரண்டு மணிச் சங்கு

சாம்பியன் ரீப்ஸ்,
12 நவம்பர் 2000

அன்புள்ள ஃப்ளோரா அக்காவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மழைக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து சேதி சொல்கிறது. அப்பாவுக்கு இந்த வாரம் முதல் ஷிப்ட். மஸ்கட்டில் உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டியைக் குறைத்தார்களா?

ஒரு செய்தி. சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிட்டு மேலே படி. நான் படம் எடுக்கிறேன்.

'மண்விழுங்கி'யை மறந்திருக்க மாட்டாய். பூமிக்கடியில் குடியிருந்து ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக விழுங்கும் பூதம். அதன் வயிற்றுக்குள்ளேயே இறங்கி எல்லோரையும் மீட்டு வரும் பொன்னிழை. மாதப் பத்திரிகையில் வந்த அந்தத் தொடர்கதையை நீ குரலை மாற்றி மாற்றிப் படிக்க, நான் போர்வைக்குள் நடுங்கியிருக்கிறேன். அதைப் பெரிய கம்பெனிக்காரர் யாரும் எடுக்கப் போவதில்லை. அதனால் நாங்களே எடுக்கிறோம். விற்க இல்லை, பேர் வாங்கவும் இல்லை. பார்க்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கேமரா எங்கள் வீடியோ கடை முதலாளி ஏனோக் அண்ணனுடையது. கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்ததும் கிளம்பிவிடுகிறோம். பக்கத்து வீட்டு பிலோமினாதான் பொன்னிழை. பாபு பூதம். கோணிப்பையைத் தைத்துப் போட்டு, கண்ணுக்கு இரண்டு பழைய சுரங்க விளக்கு வைத்திருக்கிறோம். மைனில் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டில் நின்று எடுத்தால் யாரும் பார்க்காத தேசம்போல இருக்கிறது, செலவே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். பூதம் வருமுன் ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டு ஊரே ஓடும் என்று கதையில் இருக்கிறது. என்ன சத்தம் என்று எழுதியவர் கடைசிவரை சொல்லவே இல்லை. பாபு உறுமிப் பார்த்தான். மாடு கன்று போடுகிற மாதிரி இருக்கிறது என்றாள் பிலோமினா. அந்தக் கதைக்கு எனக்குத் தெரிந்த குரல் உன்னுடையதுதான். யோசித்து எழுது.

அம்மா சொல்ல எழுதியது: ஃப்ளோரா, வேளாவேளைக்கி சாப்புடு. இவன் கல்யாண வூட்டு கேமராவ எடுத்துக்கினு பூதத்து பின்னாடி சுத்தறான். நீயாவது ஒரு வார்த்த கேளு.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
ரிச்சர்ட்

*

மஸ்கட்,
3 டிசம்பர் 2000

அன்புத் தம்பி ரிச்சர்டுக்கு,

நான் சுகம். இடுப்பு வலியும் என்னைப்போலவே சுகமாக இருக்கிறது, போகிற எண்ணமே இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். தடவச் சொல், பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம் என்று சொல்.

அம்மா கேட்கச் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டுவிடுகிறேன்: படம் எப்போது முடியும்?

உன் கடிதத்தை டியூட்டி அறையில் வைத்துப் படித்தேன். பாபு பூதமா? பள்ளிக்கூடத்தில் கரப்பான் பூச்சிக்கு மேஜைமேல் ஏறியவன் ஆயிற்றே. என் அறைத்தோழி நளினிக்கு முழுக்கதையையும் சொன்னேன். கடைசியில் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள்தானே என்று பயந்துபோய்க் கேட்டாள். அப்படியானால் கதை நல்ல கதைதான்.

சத்தத்துக்கா இவ்வளவு யோசனை? நம் மைன் சங்கை வைத்துவிடேன். ஊரையே அசைக்கிற சத்தம் அதைவிட வேறென்ன இருக்கிறது? எனக்கு இன்றைக்கும் அந்த இரண்டு மணிச் சங்கு காதில் இருக்கிறது. அது ஊதியதும் ஓடிப்போய் அடுப்பில் வெந்நீர் வைக்க வேண்டும். அப்பா கேஜ் கூண்டில் ஏறி மேலே வந்து, நடந்து வீடு சேருவதற்குள் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். மறந்துபோய் விளையாடிக்கொண்டிருந்தால் அம்மா கையில் கரண்டியோடு வருவாள். அதைவிடவா மண்விழுங்கி?

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னோடு மேட்டில் நிற்க முடியாத,
அக்கா

*

சாம்பியன் ரீப்ஸ்,
11 மார்ச் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் உடம்பால் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள், எனக்கு என்ன தெரியும். தைலம் பீரோவில்தான் இருக்கிறது.

பேப்பரில் பார்த்திருப்பாய். மைனை மூடிவிட்டார்கள். அப்பா விடியலில் எழுந்து குளித்து, சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்கிறார். அப்புறம் எங்கும் போவதில்லை. சங்கு ஊதுவதும் நின்றுவிட்டது. மதியம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்றே புரிவதில்லை.

நல்ல வேளையாக நீ சொன்னபடி ஜனவரியிலேயே ஒரு நாள் இரண்டு மணிக்கு மைக்கோடு போய்ச் சங்கைப் பதிவு செய்துவிட்டேன். பூதம் வருகிற காட்சியில் ஒட்டிப் பார்த்தோம். ஏனோக் அண்ணன் கையைக் காட்டினார், மயிர்க்கால் எல்லாம் நின்றிருந்தது. ஒரே கஷ்டம், அவருடைய வீடியோ மிக்ஸரில் கல்யாண எபெக்ட் மட்டும்தான் இருக்கிறது. பூதம் ஒருவரை விழுங்கியதும் படம் இதய வடிவத்தில் சுருங்கி ரோஜாப்பூ விழுகிறது.

விழுங்கப்பட்டவர்கள் வெளியே வரும் கடைசிக் காட்சிக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பயந்துகொண்டே அப்பாவிடம் கேட்டேன். அவர் பரணிலிருந்து ஹெல்மெட்டை இறக்கித் துடைத்தார். மறுநாள் அவரும் அவரோடு மைனில் இறங்கும் செட் ஆட்கள் நான்கு பேரும் மேட்டுக்கு வந்தார்கள். கல் எடுத்த பள்ளத்துக்குள்ளிருந்து அப்பா முன்னால் வர, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். நடிக்கச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை, சாயங்காலம் சர்ச் ஹாலில் போடுகிறோம். லைன் வீடுகள் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அம்மா சொல்ல எழுதியது: உங்கப்பா நடிச்சாரு. எனக்கு ஒரு புடவ கூட எடுத்துக் குடுத்து நடிக்கக் கூப்புடல.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.
ரிச்சர்ட்

*

மஸ்கட்,
1 ஏப்ரல் 2001

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

மைன் மூடிய செய்தியை இங்கே ஒரு வாரம் கழித்துத்தான் படித்தேன். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து, மூன்று தடவை கிழித்துப் போட்டேன். ஹெல்மெட்டைத் துடைத்தார் என்று நீ எழுதிய வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவரை எழுப்பிக் கொண்டுபோனாயே, அதற்கு உனக்கு என்ன வேண்டுமானாலும் வாங்கித் தருவேன்.

டைட்டிலில் 'சத்தம்: மஸ்கட் ஃப்ளோரா' என்று போட வேண்டும். போடாவிட்டால் நான் ஊருக்கு வந்து ரகளை செய்வேன். யார் யார் வந்தார்கள், யார் சிரித்தார்கள், சங்கு ஊதியதும் என்ன செய்தார்கள், ஒன்று விடாமல் எழுது.

சனிக்கிழமை முழுக்க உன்னையே நினைத்திருக்கப் போகும்,
அக்கா

*

சாம்பியன் ரீப்ஸ்,
6 மே 2001

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

படம் போட்டோம். கூட்டம் நல்ல கூட்டம். டைட்டிலில் உன் பெயரைப் போட மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள். வேலை அதிகம், அதனால் இவ்வளவுதான்.

ரிச்சர்ட்

*

மஸ்கட்,
27 மே 2001

அன்புத் தம்பிக்கு,

எனக்கு உடம்பு சுகம், மனசு சரியில்லை.

பாபு போட்ட கோணிப்பைக்கு அரைப் பக்கம் எழுதியவன் நீ. நான்கு மாதம் அலைந்து எடுத்த படத்துக்கு நான்கு வரியா? ஜனங்களுக்குப் பிடிக்கவில்லையா? பிடிக்காவிட்டால் என்ன, அவர்களுக்கு ரசனை இல்லை என்று நானே எழுதித் தருகிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. கடிதத்தின் அடியில் அம்மாவின் வார்த்தை எங்கே? நான் இங்கே வந்த நாளிலிருந்து நீ எழுதியதில் அது இல்லாமல் ஒரு கடிதம்கூட வந்ததில்லை. பெயர் மறந்தது எனக்குப் பெரிதில்லை. அம்மாவுக்கு என்ன ஆயிற்று? உள்ளதை எழுது. நான் நர்ஸ், எதையும் கேட்டுக்கொள்வேன்.

அக்கா

*

சாம்பியன் ரீப்ஸ்,
17 ஜூன் 2001

ஃப்ளோராவுக்கு அம்மா சொல்றது. எழுதறது பிலோமினா. ரிச்சர்ட் வெளிய போயிருக்கான்.

நான் நல்லா கீறேன். அத்த மொதல்ல எழுதுடின்னு சொன்னேன், மிச்சத்தப் படிச்சா நீ பயந்துடுவ. கணுக்காலு எலும்பு விட்டுப்போச்சு. கோலார் ஆஸ்பத்திரில மாவுக்கட்டு போட்டு, இப்ப பிரிச்சாச்சு. குச்சி வெச்சிக்கினு நடக்கறேன்.

உன் தம்பி படம் போட்டான் இல்ல, அன்னிக்கிதான். எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தோம். இந்த பிலோமினா மஞ்ச பாவாட கட்டிக்கினு வரா, பூதம் எட்டிப் பாக்குது. திடீர்னு சங்கு ஊதுது. ஏன்டி, சாயங்காலம் ஏழு மணிக்கி இன்னாத்துக்குடி சங்கு? எந்த ஷிப்ட்டு அது? நேரங்கெட்டு ஊதுனா உள்ள ஆளு மாட்டிக்கிச்சின்னுதானே அர்த்தம்? நான் ஒண்ணும் யோசிக்கல. மைன் மூடிட்டாங்க, தெரியும். உங்கப்பா அதே ஹாலுல ஆம்பளைங்க பக்கம் உக்காந்துக்கினு கீறாரு, அதுவும் தெரியும். ஆனாலும் எழுந்து ஓடறேன். என் பின்னாடி பொம்பளைங்க எல்லாம் ஓடியாராங்க.

ரத்தினம்மாவும் ஓடறா. அவ புருசன் உள்ள போயி செத்து எத்தினி வருசம் ஆவுது. அவ யாரத் தேடி ஓடறா, சொல்லு.

மைன் ஷாப்ட்டாண்ட போனா கேட்டுல பூட்டு தொங்குது. அந்தப் பூட்டப் புடிச்சி ஆட்டறோம். உங்கப்பா ஓடியாந்து தோளப் புடிச்சி, "ஜெயசீலி, நான் இங்க கீறேன்"ன்னாரு. அவரு மூஞ்சப் பாத்தப்புறம்தான் காலு வலிக்குதுன்னே தெரிஞ்சிது. எந்தக் கால்வாயில வுழுந்தேன், எப்ப எழுந்தேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல.

அன்னிலருந்து திட்டறதத் தவர அவன்கூட நான் பேசறது இல்ல. அந்த கேசட்ட நெருப்புல போடுடான்னேன், மாட்டேன்றான். யாரு குடுத்த யோசனைடான்னு கேட்டா வாயத் தொறக்கமாட்டேன்றான். எந்த புத்தி கெட்டவன் சொன்னானோ. அவன் வூட்டுல ஒரு நாளாவது நேரங்கெட்ட சங்கு கேட்டிருந்தா சொல்லியிருக்கமாட்டான்.

நீ கவலப்படாத. தைலம் இப்பதான் தடவறேன். நல்லாதான் கீது.

அம்மா

*

மஸ்கட்,
8 ஜூலை 2001

அம்மாவுக்கு ஃப்ளோரா எழுதுவது. பிலோமினா, இதை அம்மாவுக்கு மட்டும் படித்துக் காட்டு. வேகமாகப் படிக்காதே.

அம்மா, உன் காலில் வீக்கம் இருக்கிறதா? சாயங்காலம் தலையணைமேல் தூக்கி வைத்துப் படு. அதை முதலில் சொல்லிவிட்டேன், அப்புறம் நீ என்மேல் கோபப்பட்டுக் கேட்காமல் போய்விடுவாய்.

அந்தப் புத்தி கெட்டவள் நான்தான். சங்கை வை என்று டிசம்பரில் நான்தான் எழுதினேன். விளையாட்டாக எழுதினேன். என் பெயரைப் போடச் சொல்லிச் சண்டைகூடப் போட்டேன். ரிச்சர்ட் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். எனக்கே சொல்லவில்லை பார்.

நம் வீட்டிலும் நேரங்கெட்ட சங்கு கேட்டிருக்கிறது அம்மா. எனக்கு ஆறு வயது. நீ ரிச்சர்டை என் இடுப்பில் வைத்துவிட்டு ஓடினாய். அவன் அழுதான், நான் சர்க்கரை கொடுத்தேன். அன்றைக்கு அப்பா திரும்பி வந்துவிட்டார். வந்துவிட்டதால் எனக்கு மறந்துபோயிற்று. ரத்தினம்மா அத்தையைப்போல யாருக்கு மறக்கவில்லையோ அவர்களை நான் நினைக்கவே இல்லை. எனக்குச் சங்கு என்றால் வெந்நீர்தான், நீ ஓடியது இல்லை.

திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு. அவனோடு பேசு. உன்னோடு பேசாமல் அவனால் இருக்க முடியாது.

உன் மகள்

*

சாம்பியன் ரீப்ஸ்,
25 ஜூலை 2001

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம்.

நீ எழுதியதை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னாடா, அவளக் காட்டிக் குடுக்காம இத்தினி நாளா திட்டு வாங்கிக்கினு இருந்தியா? கை கழுவிக்கினு வா, சோறு ஆறிப்போவுது" என்றாள். சாப்பிடும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அது உனக்காம், ஊருக்கு வரும்போது வட்டியோடு வாங்கிக்கொள்.

மறுநாள் குச்சியை ஊன்றிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். "மிச்சப் படத்தப் போடு, சத்தம் இல்லாம" என்றாள். அன்று சங்கோடு கூட்டம் கலைந்துவிட்டதால் முடிவை யாருமே பார்க்கவில்லை. சத்தமில்லாமல் போட்டேன். பள்ளத்திலிருந்து அப்பா ஹெல்மெட்டோடு ஏறி வந்தபோது அம்மா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"டேய், ரெண்டு மணி சங்கு ஆள முழுங்கற சங்காடா?" என்று கேட்டாள். "ஆள வெளிய அனுப்பற சங்குடா அது. இங்க வை. வெச்சிட்டு ரெண்டு மணிக்கே ஊது."

அப்படியே செய்துவிட்டோம் அக்கா. பூதம் இப்போது சத்தமே இல்லாமல் வருகிறது, முன்னைவிட அதுதான் பயமாக இருக்கிறது. சங்கு கடைசிக் காட்சிக்குப் போய்விட்டது. ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறோம். இங்கே சரியாக இரண்டு மணிக்குச் சங்கு வரும்படி தொடங்குவோம். அம்மா வீடு வீடாகக் குச்சியோடு போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ரத்தினம்மா அத்தை மட்டும் வருவதாகச் சொல்லவில்லையாம்.

பிலோமினாவின் சித்தப்பா மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் உனக்கு ஒரு காப்பி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் பன்னிரண்டரைக்குச் சங்கு வருகிற மாதிரி வைத்துப் பார். தனியாகப் பார்க்காதே.

அம்மா சொல்ல எழுதியது: பயப்படாம பாரு. நேரத்துக்குதான் ஊதும்.

ரிச்சர்ட்

*

சாம்பியன் ரீப்ஸ்,
12 ஆகஸ்ட் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஹால் நிறைந்துவிட்டது. ரத்தினம்மா அத்தையும் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் கதவை ஒட்டி உட்கார்ந்தாள். ரோஜாப்பூ விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பூதம் சத்தமில்லாமல் வந்தபோது ஒரு குழந்தை அழுதது. எனக்குப் படம் கண்ணில் படவே இல்லை, சுவர்க் கடிகாரத்தையும் அம்மாவையும்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. அம்மா பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. படத்தில் அப்பா பள்ளத்திலிருந்து தலையைத் தூக்கினார், பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மா அப்படியே நின்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் பேசுகிற மாதிரி சத்தமாகக் கேட்டாள்: "டேய், வெந்நி வெச்சியா?"

நாலு பேர் சிரித்தார்கள். அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, பெண்கள் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தச் சர்ச்சில் அப்படி யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எல்லோரும் போன பிறகு ரத்தினம்மா அத்தை என்னிடம் வந்தாள். "அந்தக் கடைசில வர்றாங்களே, அத்த இன்னொரு வாட்டி போடறியா?" என்றாள். அவளுக்காக மட்டும் மூன்று தடவை போட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

நீயும் பார்த்தாயா? சீக்கிரம் எழுது.
ரிச்சர்ட்

*

மஸ்கட்,
12 ஆகஸ்ட் 2001

அன்புத் தம்பிக்கு, அம்மாவுக்கு, அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் இப்போது ஹாலை விட்டுக் கிளம்பியிருப்பீர்கள். என்ன நடந்ததோ என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். உன் கடிதம் வர இன்னும் பத்து நாளாகும், அதற்குள் நான் பார்த்ததை எழுதிவிடுகிறேன்.

டியூட்டியை மாற்றிக்கொண்டு நளினியோடு உட்கார்ந்தேன். இந்தத் தடவை டைட்டிலில் நீ போட்டிருந்த என் பெயரைப் பார்த்து நளினி கை தட்டினாள், எனக்குத் தட்டத் தோன்றவில்லை. பாபு நன்றாகவே பயமுறுத்துகிறான். கரப்பான் பூச்சியை மன்னித்துவிட்டேன் என்று சொல்.

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. அப்பா மேலே வந்தார். அப்பா, நீங்கள் இவ்வளவு இளைத்துப்போனதை யாரும் எனக்கு எழுதவில்லை.

சங்கு ஓய்ந்தபோது நான் நாற்காலியில் இல்லை. சமையலறையில் நின்று பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் ஆகஸ்டு மாதம் குழாயைத் திறந்தாலே கையைச் சுடுகிற தண்ணீர்தான் வரும். அதைப் பிடித்து அடுப்பில் ஏற்றிப் பற்றவைத்தேன்.

நளினி வந்து பார்த்துவிட்டு, இந்த வெயிலில் யாருக்கு வெந்நீர் என்று கேட்டாள்.

அப்பாவுக்கு என்றேன். ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருக்கிறார் என்றேன்.

ஃப்ளோரா